புதிய போர்டுகளில் 2012-லேயே கைவிடப்பட்ட யூஎஸ்பி சிப்: மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
ஆய்வகப் பொறுப்பு விரிவுரையாளர்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை,
பாலிடெக்னிக் கல்லூரி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மின்னணுப் பயிற்சிக் கருவிகள் விற்பனை நிறுவனம்.

பொருள்: எல்பிசி2148 மைக்ரோகண்ட்ரோலர் பயிற்சி போர்டுகளில் குறிப்பிட்ட யூஎஸ்பி-சீரியல் சிப்புக்கு மாறாக வேறொன்று பொருத்தப்பட்டிருப்பது, டிரைவர் நிறுவ இயலாமை, மாற்றுப் போர்டுகள் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் துறையின் மைக்ரோகண்ட்ரோலர் ஆய்வகத்துக்காக இக்கல்வியாண்டில் தங்களிடமிருந்து 30 எல்பிசி2148 பயிற்சி போர்டுகளை வாங்கினோம். தாங்கள் கொடுத்த விலைப்புள்ளியிலும், அதையொட்டி நாங்கள் அனுப்பிய கொள்முதல் ஆணையிலும், போர்டுடன் வந்த கையேட்டிலும் கணினியின் யூஎஸ்பி இணைப்பைப் போர்டின் சீரியல் இணைப்போடு சேர்க்கும் யூஎஸ்பி-சீரியல் சிப் எஃப்டி232ஆர்எல் என்றே அச்சிடப்பட்டுள்ளது. ஆனால் வந்து சேர்ந்த 30 போர்டுகளிலும் இருப்பது பிஎல்2303ஹெச்எக்ஸ்ஏ என்ற வேறு சிப். சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரின் விண்டோஸ் 11 பதிப்பு இந்தச் சிப்பை ஏற்க மறுப்பதால், ஆய்வகக் கணினிகளிலிருந்து ஒரு போர்டில்கூட நிரல் ஏற்ற முடியவில்லை. தங்கள் சேவைப் பிரிவு இதை டிரைவர் நிறுவத் தெரியாதவர்களின் சிக்கலாகவே தொடக்கம் முதல் கருதி, அதற்கேற்ற யோசனைகளையே தந்து வருவதால், நடந்ததை எழுத்து மூலமாகத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

போர்டைக் கணினியில் இணைத்ததும், சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டுகள் என்ற தலைப்பின் கீழ், மஞ்சள் முக்கோணத்துடன் ஒரு வரி தோன்றுகிறது. வழக்கமாகச் சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய அந்த இடத்தில், பிஎல்2303ஹெச்எக்ஸ்ஏ 2012 முதல் கைவிடப்பட்டது, தங்களுக்கு விற்றவரைத் தொடர்பு கொள்ளவும் என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் இருக்கிறது. இது விண்டோஸ் தானாக இட்டுக்கட்டிய செய்தியன்று. சிப்பைத் தயாரித்த தைவானின் ப்ரொலிஃபிக் நிறுவனமே தன் டிரைவருக்குள் எழுதி வைத்திருப்பது. சந்தையில் பெருகிய போலிச் சிப்புகளைத் தடுக்கவும், உற்பத்தியை நிறுத்திவிட்ட பழைய வகைகளுக்கு ஆதரவை முடித்துக்கொள்ளவும் அந்த நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த முடிவு இது. விண்டோஸ் 10-ல் இதே சிப்புக்குப் புதிய டிரைவரை நிறுவினால் சாதனத்தைத் தொடங்க இயலவில்லை என்ற பிழை எண் 10 வரும். விண்டோஸ் 11-ல் காரணமே வெளிப்படையாக எழுதிக் காட்டப்படுகிறது. விற்றவரைத் தொடர்பு கொள்ளுமாறு அது சொல்வதால்தான் தங்களைத் தொடர்பு கொண்டோம்.

முதல் தொலைபேசி அழைப்பில் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். அது நியாயமான கேள்விதான். மின்னேற்றத்துக்கு மட்டுமான கேபிளில் தரவுக்குரிய பச்சை, வெள்ளைக் கம்பிகள் இருப்பதில்லை என்பதால் எந்த ஆய்வகத்திலும் முதலில் சோதிப்பது அதைத்தான். ஆனால் தரவுக் கம்பி அறுந்திருந்தால் கணினிக்குச் சாதனம் இருப்பதே தெரிந்திராது. இங்கோ, வன்பொருள் அடையாள எண்கள் தெளிவாகப் படிக்கப்படுகின்றன. உற்பத்தியாளர் எண் 067பி, பொருள் எண் 2303 என்று டிவைஸ் மேனேஜரின் விவரப் பகுதி காட்டுகிறது. இவை ப்ரொலிஃபிக் சிப்புக்கு உரியவை. எஃப்டி232ஆர்எல் சிப்பாக இருந்திருந்தால் 0403, 6001 என்ற எண்கள் வந்திருக்க வேண்டும். டிவைஸ் மேனேஜர் காட்டும் இந்த இரண்டு எண்களைக் கேட்டிருந்தாலே முதல் அழைப்பிலேயே உண்மை தெரிந்திருக்கும். தங்கள் சேவைப் பிரிவில் யாரும் அவற்றைக் கேட்கவில்லை. நாங்களாகச் சொன்னபோதும் குறித்துக்கொள்ளவில்லை.

எண்களை மட்டும் நம்பாமல் போர்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தோம். இரண்டு சிப்புகளுமே 28 கால்கள் கொண்ட ஒரே அளவு உறையில் வருவன என்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. தங்கள் போர்டில் அந்தச் சிப்பின் மேற்பரப்பு சொரசொரப்பாகத் தேய்க்கப்பட்டு, எழுத்து மங்கலாக இருக்கிறது. ஆயினும் அதன் அருகிலேயே கடிகாரத் துடிப்பு தரும், 12.000 என்று பொறித்த வெள்ளி நிறக் கிரிஸ்டல் ஒன்று பற்றவைக்கப்பட்டுள்ளது. எஃப்டி232ஆர்எல் சிப்புக்குத் தேவையான கடிகாரம் அதற்குள்ளேயே இருப்பதால் வெளியே கிரிஸ்டல் வைக்க வேண்டியதில்லை. 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வெளியிலிருந்து எதிர்பார்ப்பது பிஎல்2303ஹெச்எக்ஸ்ஏ. இரண்டின் கால் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் எஃப்டி232ஆர்எல் சிப்புக்குத் தேவையற்ற அந்தக் கிரிஸ்டலுக்கும் போர்டில் இடம் வரைந்து பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே இது பொருத்தும் கூடத்தில் கைமாறி நடந்த பிழையாகத் தோன்றவில்லை. போர்டின் அச்சுச் சுற்றே வேறு சிப்பை மனத்தில் கொண்டு வரையப்பட்டிருப்பதாகவும், விவரக் குறிப்பு மட்டும் மாற்றப்படாமல் இருந்திருப்பதாகவும் தோன்றுகிறது. இதற்குத் தங்கள் வடிவமைப்புப் பிரிவு விளக்கம் தர வேண்டும்.

அடுத்ததாக, போர்டுடன் வந்த குறுந்தகட்டிலுள்ள டிரைவரை நிறுவச் சொன்னார்கள். எங்கள் கணினிகளில் குறுந்தகடு இயக்கி இல்லாததால் கோப்புகளை வேறொரு கணினியில் படியெடுத்துக் கொண்டுவந்தோம். நிறுவத் தொடங்கியதும், இந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பு (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) அதற்குரிய, கையொப்பத்தைத் தாங்கும் கேட்டலாக் கோப்பில் இல்லை, கோப்பு சிதைந்திருக்கலாம் அல்லது திருத்தப்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு விண்டோஸ் நிறுத்திக்கொண்டது. நிறுவல் விவரங்கள் கொண்ட ஐஎன்எஃப் கோப்பைத் திறந்து பார்த்ததில் காரணம் விளங்கியது. சிப் தயாரிப்பாளரின் பெயர் இருந்த வரிகளை நீக்கிவிட்டு, தங்கள் நிறுவனத்தின் பெயரையும் போர்டின் மாதிரி எண்ணையும் சேர்த்திருக்கிறார்கள். டிரைவர் தொகுப்பின் டிஜிட்டல் கையொப்பம், அதிலுள்ள ஒவ்வொரு கோப்பும் கையொப்பமிட்டபோது இருந்தபடியே இருக்கிறதா என்பதைச் சரிபார்க்கத்தான் இருக்கிறது. ஐஎன்எஃப் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் மாறிவிடும், கையொப்பம் செல்லாததாகிவிடும். தங்கள் பெயர் திரையில் தெரிய வேண்டுமானால், திருத்திய தொகுப்புக்குத் தாங்களே மைக்ரோசாஃப்ட்டிடம் முறைப்படி கையொப்பம் பெற்றிருக்க வேண்டும்.

இதைச் சுட்டிக்காட்டியபோது வந்த யோசனைதான் எனக்கு மிகுந்த கவலையளித்தது. கணினியை மேம்பட்ட தொடக்க முறையில் மீண்டும் இயக்கி, எஃப்7 விசையை அழுத்தி, டிரைவர் கையொப்பச் சரிபார்ப்பை முடக்கிவிட்டு நிறுவுமாறு மின்னஞ்சலில் எழுதினார்கள். அது நிலைக்காவிட்டால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, சோதனைக் கையொப்ப முறைக்கு மாற்றிவிடுமாறும் அதிலேயே எழுதப்பட்டிருந்தது. எஃப்7 வழியாக முடக்குவது அடுத்த முறை கணினியை இயக்கும்வரைதான் செல்லும். செக்யூர் பூட்டை அணைப்பதோ, இயங்குதளம் ஏறும் முன்பே நுழையும் தீநிரல்களுக்கு எதிரான காவலை நீக்குவதாகும். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கும் கணினியில் இந்த மாற்றத்தைச் செய்தால் மீட்புக் குறியீட்டைக் கேட்டு நிற்கவும் கூடும். மாணவர்கள் பலரின் பென்டிரைவ்கள் நாள்தோறும் செருகப்படும் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ஒரு போர்டு வேலை செய்ய வேண்டும் என்பதற்காக எல்லாக் கணினிகளின் பாதுகாப்பையும் நிரந்தரமாகத் தளர்த்தச் சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது. இதற்கு நான் ஒப்பவில்லை. எங்கள் கல்லூரிக் கணினிப் பொறுப்பாளரும் ஒப்பமாட்டார்.

அப்படியே செய்தாலும் பயன் நிலைக்காது என்பதையும் தங்கள் பொறியாளர்கள் அறிந்திருக்க வேண்டும். கையொப்பமில்லாத டிரைவரையும் முறையான கையொப்பமுள்ள டிரைவரையும் ஒரே சாதனத்துக்குக் கண்டால், விண்டோஸ் கையொப்பமுள்ளதையே மேலாகத் தரவரிசைப்படுத்தும். விண்டோஸ் அப்டேட் வழியாகப் புதிய பதிப்பு வந்து சேர்ந்ததும் பழையபடி அதே வாசகம் திரையில் நிற்கும். செய்முறைத் தேர்வன்று காலையில் இது நேர்ந்தால் என்ன செய்வது? இணையத்தில் யாரோ ஏற்றி வைத்திருக்கும் பழைய டிரைவர் ஒன்றின் இணைப்பையும் பிறகு அனுப்பினார்கள். அது தயாரிப்பாளரின் தளம் அன்று. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வரை செல்லும் மென்பொருளை முன்பின் தெரியாத இடத்திலிருந்து எடுத்து நிறுவுமாறு ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு எழுதக் கூடாது. விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாமே என்றும் ஒருவர் சொன்னார். அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால்தான் ஆய்வகக் கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றினோம்.

போர்டின் மற்றப் பகுதிகளைப் பற்றி எனக்குக் குறை இல்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். உபுண்டு நிறுவியுள்ள கணினியில் இதே போர்டைச் செருகியபோது, லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள பிஎல்2303 டிரைவர் அதை உடனே ஏற்றுக்கொண்டது. சீரியல் போர்ட்டும் உருவானது. ஆக, பிராசஸர், மின் வழங்கல், யூஎஸ்பி இணைப்பான் எல்லாம் ஒழுங்காக உள்ளன. ஆனால் எங்கள் செய்முறைக் கையேடு, கெயில் மென்பொருளில் நிரல் எழுதி, ஃபிளாஷ் மேஜிக் வழியாகப் போர்டில் ஏற்றும் முறையில் அமைந்தது. எங்களிடம் அவை இரண்டும் விண்டோஸில்தான் உள்ளன. எல்பிசி2148-ல் நிரல் ஏற்ற வேண்டுமானால், ரீசெட் நேரத்தில் பி0.14 காலைத் தாழ்நிலைக்குக் கொண்டுவந்து, உள்ளிருக்கும், நிரல் ஏற்ற உதவும் பூட்லோடரோடு யூஆர்ட்0 என்ற சீரியல் இணைப்பு வழியாகப் பேச வேண்டும். ஒன்பது முள் சீரியல் போர்ட் இல்லாத எங்கள் கணினிகளிலிருந்து அதற்கு இருக்கும் ஒரே வழி இந்த யூஎஸ்பி சிப். அது மூடியிருக்கும்வரை, போர்டின் எஞ்சிய பகுதி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் மாணவருக்கு விளக்கு எரிகிற ஓர் அட்டைதான்.

எஃப்டி232ஆர்எல் என்று ஆணையில் எழுதியதும் வெறும் பழக்கத்தால் அன்று. அந்தச் சிப்பில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண் இருப்பதால், கணினியின் எந்த யூஎஸ்பி துளையில் செருகினாலும் விண்டோஸ் அதன் சீரியல் போர்ட்டுக்கு அதே காம் எண்ணைத் தருகிறது. வரிசை எண் இல்லாத சிப்பாக இருந்தால், துளை மாறும்போதெல்லாம் காம் எண்ணும் மாறும். ஒரே நேரத்தில் முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் இது சிறு வசதி அன்று. வேறொரு விற்பனையாளரிடம் முன்பு வாங்கிய, உண்மையான எஃப்டி232ஆர்எல் உள்ள போர்டுகள் இதே கணினிகளில், இதே கேபிள்களில் எவ்வித இடையூறுமின்றி இன்றும் இயங்குகின்றன.

முதல் செய்முறை வகுப்பில் இரண்டாமாண்டு மாணவி ஒருவர், தாம் கேபிளை அழுத்திச் செருகியதால்தான் போர்டு கெட்டுவிட்டது என்று பயந்து, உடைந்த பொருளுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டார். அவர் செய்ததில் எந்தத் தவறும் இல்லை என்று புரியவைப்பதற்கே நேரம் பிடித்தது. முதன்முதலாக ஒரு மைக்ரோகண்ட்ரோலரைத் தொடும் மாணவருக்கு, தம் நிரல் ஏறி எல்இடி சிமிட்டுவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய ஊக்கம் என்பது பயிற்சிக் கருவிகளையே தொழிலாகக் கொண்ட தங்களுக்குத் தெரியாததன்று. அந்த வகுப்புகளை இப்போது உருவகப்படுத்தும் மென்பொருளில் நடத்தி வருகிறேன்.

எனவே, 30 போர்டுகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, விவரக் குறிப்பில் உள்ளபடி அசல் எஃப்டி232ஆர்எல் சிப் பொருத்திய போர்டுகளைத் தங்கள் செலவிலேயே அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சிப் கைவசம் இல்லையெனில், இன்றும் உற்பத்தியில் இருப்பதும், விண்டோஸ் 11-க்குக் கையொப்பமுள்ள டிரைவர் கொண்டதும், தனி வரிசை எண் உடையதுமான வேறொரு சிப்பை எழுத்து மூலம் முன்மொழிந்தால் பரிசீலிப்போம். ஆனால் ஒரு மாதிரிப் போர்டை முதலில் எங்கள் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் அளிப்போம். இரண்டும் இயலாது என்றால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுப் போர்டுகள் வந்து சேரும்வரை வகுப்புகள் தடைபடாதிருக்க, போர்டின் யூஆர்ட்0 ஊசிகளில் நேரடியாக இணைக்கக்கூடிய 30 யூஎஸ்பி-சீரியல் மாற்றிகளை உடனடியாக அனுப்பி உதவவும். 3.3 வோல்ட் சமிக்ஞையில் இயங்குபவையாக அவை இருப்பது அவசியம்.

இதோடு, திருத்தப்பட்ட ஐஎன்எஃப் கோப்பு உள்ள குறுந்தகட்டை வழங்குவதை நிறுத்தவும், கையொப்பச் சரிபார்ப்பை முடக்கச் சொல்லும் அறிவுரையைத் தங்கள் சேவைக் குறிப்புகளிலிருந்து நீக்கவும் வேண்டுகிறேன். இதே மாதிரி எண்ணில் போர்டு வாங்கிய பிற கல்லூரிகளுக்கும் உண்மையான சிப் எது என்பதைத் தெரிவிப்பது தங்கள் கடமை. எங்கள் பகுதியிலேயே சில கல்லூரிகள் தங்களிடம் வாங்கத் திட்டமிட்டிருப்பதை அறிவேன். அவர்கள் கேட்டால் நடந்ததை நடந்தபடியே சொல்வேன்.

பொருளின் தரத்தையும் வகையையும் பொய்யாகக் குறிப்பிட்டு விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கருதப்படும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால், கல்லூரி முதல்வரின் ஒப்புதலோடு அடுத்தகட்ட நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். கொள்முதல் ஆணை, விலைப்புள்ளி, கையேட்டின் தொடர்புடைய பக்கம் ஆகியவற்றின் நகல்களும், டிவைஸ் மேனேஜர் திரைப்பிடிப்புகளும், கிரிஸ்டலும் சிப்பும் தெரியும் போர்டின் நெருக்கமான ஒளிப்படங்களும், தங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் பொறியாளர் நேரில் வந்து பார்க்க விரும்பினால், வேலை நாட்களில் எந்த நேரத்திலும் ஆய்வகத்தைத் திறந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வகப் பொறுப்பு விரிவுரையாளர்

நகல்: கல்லூரி முதல்வர் அவர்களின் பார்வைக்கு