சி.எஸ். பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். கண் சிகிச்சைக்குப் பிறகு இப்போதுதான் மறுபடியும் தாராளமாகப் படிக்கவும் எழுதவும் முடிகிறது; பதில் தாமதமானதற்கு அதுவே காரணம். உங்கள் பேத்தி அரசியல் அறிவியல் பாடத்துக்காக மத்திய அமைச்சர் ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக் கட்டுரை எழுத வேண்டும் என்றும், யாரை எடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தை (சி.எஸ்.) எடுக்கச் சொல்லுங்கள். "தேர்தலில் தோற்றுப்போனவர்தானே" என்று நீங்கள் கேட்பீர்கள் என்பது தெரியும். அந்தத் தோல்வியை ஒட்டித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் பிறகு சட்டமும் படித்தார், கோவையில் வழக்கறிஞராக இருந்தார், 1942இல் சிறை சென்றார், அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார் என்பதெல்லாம் எந்த நூலகத்திலும் கிடைக்கும். பேத்தி கவனிக்க வேண்டிய முதல் இடம் 1954. ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியபின் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றவர் இவர். தோற்றவரையே காமராஜர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். ராஜாஜியின் அமைச்சரவையில் இருந்தபோது, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றிருந்த, எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று பெயர் வைத்த திட்டத்துக்காக வாதாடியவர், அதே ஆண்டு மே மாதத்தில் காமராஜரின் கல்வி அமைச்சராக அத்திட்டம் கைவிடப்படுகிறது என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்பவர்கள் உண்டு. அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பு என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அடுத்து வந்த ஆண்டுகளில் பள்ளிகள் பெருகியதிலும் மதிய உணவுக்குப் பணம் ஒதுக்கியதிலும் இவர் வகித்த நிதி, கல்வித் துறைகளுக்கு இருந்த பங்கு அந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது.

1962இல் மக்களவைக்குச் சென்று எஃகு, கனரகத் தொழில் துறைகளைப் பார்த்தார். அந்தக் காலத்தில் பிலாய், ரூர்கேலா எஃகு ஆலைகள் என்றால் தேசத்தின் பெருமை. அப்படிப்பட்ட துறையிலிருந்து 1964இல் பிரதமர் சாஸ்திரி இவரை உணவு, வேளாண்மைக்கு மாற்றினார். யாரும் விரும்பிக் கேட்டு வாங்காத துறை அது. அரிசியும் கோதுமையும் கிடைக்காத ஊரில் அமைச்சரைத்தான் திட்டுவார்கள். விளைந்தால் மழையைப் புகழ்வார்கள்.

இவர் அங்கே செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேளாண்மைக்கு மூன்று குறைகள் என்று அவர் கண்டார்: உழவனுக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை, ஆராய்ச்சி நிலையங்களில் விஞ்ஞானியின் சொல்லுக்கு மதிப்பில்லை, உரத்தைத் தாங்கி நிற்கும் விதை இல்லை. 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் தொடங்கப்பட்டன. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது என்பதை நம் பக்கத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு முதன்முறையாக ஒரு விஞ்ஞானி, பி.பி. பால், நியமிக்கப்பட்டார். அதற்குப் பிறகுதான் விதை. அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய, உரம் போட்டாலும் சாயாத குட்டை ரகக் கோதுமையை எம்.எஸ். சுவாமிநாதனும் சகாக்களும் இங்கே பரிசோதித்திருந்தார்கள். 1966இல் 18,000 டன் விதையை மெக்சிகோவிலிருந்து இறக்குமதி செய்ய முடிவெடுத்தது இவருடைய துணிச்சல். டெல்லியில் தம் அரசு இல்லத்துப் புல்வெளியை உழுது அதில் அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார் என்பார்கள். வீட்டுக்கு வந்து ஆட்சேபம் சொன்ன பலருக்கும் வாசலிலேயே பதில் கிடைத்திருக்கும்.

ஆட்சேபம் சொன்னவர்கள் சாமானியர்கள் அல்லர். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரிக்கு அந்நியச் செலாவணிக் கவலை. இடதுசாரிகளுக்கு, உரத்துக்கும் விதைக்கும் வெளிநாட்டை நம்புவதா என்ற அச்சம். நீர்வசதி உள்ள பெரிய விவசாயிதான் பயனடைவான் என்ற வாதமும் இருந்தது. கடைசி வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைய நிலையை மறந்துவிட்டு அதை எடைபோட முடியாது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், வறட்சியால் மறு ஆண்டில் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின்கீழ் வந்த அமெரிக்கக் கோதுமைதான் ரேஷன் கடைகளைக் காப்பாற்றியது. அதையும் ஜனாதிபதி ஜான்சன் மொத்தமாகத் தராமல் சிறுகச் சிறுக அளந்துவிட்டார். கையேந்தி நிற்பதன் அவமானத்தை நேரில் அனுபவித்த அமைச்சர், எப்படியாவது இதிலிருந்து மீள வேண்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை.

இத்தனைக்கும் நடுவில்தான் 1965 பிப்ரவரி. இந்தி ஆட்சிமொழிப் பிரச்சினையில் தமிழ்நாடு கொந்தளித்தபோது, இவரும் இன்னொரு மத்திய அமைச்சரான ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். சாஸ்திரி வானொலியில் ஆங்கிலம் தொடரும் என்று உறுதி சொன்னபின் கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. அன்று அந்த ராஜினாமா ஏற்கப்பட்டிருந்தால் விதை இறக்குமதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இனி அந்தத் தேர்தல். 1967இல் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். காமராஜரும் முதலமைச்சர் பக்தவத்சலமும் அதே தி.மு.க. அலையில் வீழ்ந்தார்கள். இருந்தாலும் இவருடைய தோல்விக்கு ஒரு தனிக் கசப்பு உண்டு. மாநிலம் முழுவதும் அரிசித் தட்டுப்பாடு. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற அண்ணாவின் முழக்கம் வீடு வீடாக ஒலித்தது. அந்த முழக்கத்துக்கு எதிரே நின்றவர் நாட்டின் உணவு அமைச்சர்! அவர் தருவித்த விதையின் பெருவிளைச்சல் 1968இல்தான் களத்துக்கு வந்தது. கோதுமை சுமார் 1.65 கோடி டன். 1964-65இல் அது சுமார் 1.2 கோடி டன்தான். கோதுமைப் புரட்சி என்று இந்திரா காந்தி அஞ்சல் தலை வெளியிட்டபோது இவர் அமைச்சராகவும் இல்லை, எம்.பி.யாகவும் இல்லை. கோதுமை வடக்கே விளைந்தது, ஓட்டு தெற்கே விழுந்தது. குட்டை நெல் ரகங்கள் நம் வயல்களுக்குப் பரவ இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

அதற்குப் பிந்தையதைப் பேத்தி சுருக்கமாகவே எழுதலாம். 1969 காங்கிரஸ் பிளவில் இந்திராவின் பக்கம் நின்றார். 1971இல் கிருஷ்ணகிரியில் வென்று திட்டம், தொழில் துறைகளையும் பிறகு நிதியையும் கவனித்தார். 1979இல் சரண் சிங்கின் குறுகிய ஆட்சியில் பாதுகாப்பு அமைச்சர். மகாராஷ்டிர ஆளுநராக இருந்தபோது பிரதமர் நரசிம்ம ராவைக் குறைகூறித் தனிப்பட்ட முறையில் பேசியது பத்திரிகையில் வந்து, 1993இல் பதவி விலகினார். 1998இல் பாரத ரத்னா, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் அதே ஆண்டுதான். 2000 நவம்பரில் காலமானார்.

ஒன்றை மட்டும் அவள் விட்டுவிடக் கூடாது. நெருக்கடி நிலைக் காலம் முழுவதும் நிதியமைச்சராக இருந்தவர் இவர். 1965இல் மொழிக்காக ராஜினாமா எழுதிய கை, 1975இல் ஏன் எழுதவில்லை? வட்டார கிராம வங்கிகள் அந்த ஆண்டில்தான் பிறந்தன, நல்ல காரியம்தான். என்றாலும் அது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. நீங்கள் அந்தக் காலத்தில் டெல்லியில் வேலை பார்த்தவர். காங்கிரஸ்காரர்கள் பலரோடு பழகியவர். உங்கள் கருத்தை விரிவாக எழுதுங்கள், பேத்தியின் கட்டுரை முடிந்ததும் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்