முதலில் எழுத்தாளர் பேசட்டும்: சமுதாயக் கல்லூரி நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

சென்ற வெள்ளியன்று நடந்த எழுத்தாளர் சந்திப்பு எப்படி முடிந்தது என்பதை மேடையில் அமர்ந்திருந்த தாங்களே கண்டீர்கள். வாழ்த்துரைகளும் பொன்னாடைகளும் முடிந்து, சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்த விருந்தினரான எழுத்தாளரின் கைக்கு ஒலிவாங்கி வந்தபோது மணி 4.15. மண்டபம் வழியாகப் பாம்பன் செல்லும் பேருந்துக்காக மாணவியர் எழத் தொடங்கியதைக் கண்டு, அவரே தம் உரையைச் சுருக்கிக்கொண்டு அமர்ந்தார். கேள்வி நேரம் நன்றியுரையில் மட்டுமே இடம்பெற்றது.

எழுந்து போனவர்களில் ஒருத்தி, நூலகத்தில் இருந்த அவருடைய நூலின் ஒரே பிரதியை வாங்கிப் படித்து, கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய தாய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தலைமுறைகளாகப் பாசி எடுத்த தீவுப் பக்கத்திற்கே வனத்துறைக்கு அஞ்சிச் செல்ல வேண்டிய நிலையில் இருப்பவர். கடற்கரையைப் பற்றி எழுதுவோர் வலை வீசும் ஆண்களையே எழுதுகிறார்களே, பாசி எடுக்கும் பெண் ஏன் கதைக்குள் வருவதில்லை என்பதுதான் அந்தக் கேள்வி. விருந்தினர் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று அறிய எங்களுக்கும் ஆவல் இருந்தது.

மேடையேறிய அனைவரும், 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவரையும், புலவர்களைப் புரந்த இராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகளையும் தவறாமல் நினைவுகூர்ந்தனர். மகிழ்ச்சி. ஆனால், வந்த புலவரை அமர வைத்துவிட்டு அரண்மனையாரே மாலைவரை பேசிக்கொண்டிருந்ததாக நாங்கள் எங்கும் படித்ததில்லை. மருத்துவ முகாமானாலும் நூல் வெளியீடானாலும், பொன்னாடைகள் தீரும்வரை வந்த காரியம் காத்திருப்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. நோயாளியாவது வலிக்கிறது என்று குரல் கொடுக்கலாம், மாணவர் அதுவும் செய்ய இயலாது.

கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். நாங்கள் கேட்பது இதுதான்: அடுத்த சந்திப்பிலேனும் முதலில் எழுத்தாளர் பேசட்டும். பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி, அவருக்கு ஒரு மணி நேரமும், மாணவர் கேள்விகளுக்கு அரை மணி நேரமும் ஒதுக்குங்கள். வாழ்த்துரைகள் அதன்பின் எவ்வளவு நேரம் நடந்தாலும் எங்களுக்கு மறுப்பில்லை. அழைப்பிதழ் அச்சிடும் முன்பே அவருடைய நூலின் சில பிரதிகளை நூலகத்திற்கு வாங்கிவிட்டால் பேருதவியாக இருக்கும். பொன்னாடைகளில் சிலவற்றைக் குறைத்தாலே அதற்கான தொகை தேறிவிடும்.

நிகழ்ச்சி நிரலை முடிவு செய்யும் முன் எங்களையும் ஒருமுறை அழைத்துப் பேசுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி நூலக வாசகர்கள்