41ஆம் பக்கம்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள ஆசிரியருக்கு,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆகவே சொல்லவில்லை. இங்கே நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று இவள் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய். இதை நடுவில் யாரும் பேசாமல் சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் நம் நண்பன் 'பென்சில்' இறந்த துட்டிக்குப் போயிருந்தேன் அல்லவா? கிளம்பும்போது அவன் மகள் வாசல்வரை வந்தாள். "மாமா, அப்பா எழுதியது ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?" என்றாள். வீட்டில் தேடிப் பார்த்தார்களாம். பால் கணக்கும் ரசீதுகளில் போட்ட கையெழுத்தும்தான் கிடைத்தனவாம். கல்லூரியில் எழுதுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார், ஒரு வரிகூடப் பார்த்ததில்லை என்றாள். நான் உடனே வீரம் பேசிவிட்டேன். நாம் கல்லூரியில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் பதினொரு இதழும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, ஸ்கேன் செய்து அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதாதா என்பாய். எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் என் தலையின் நிழல் விழுந்தது. பத்திரிகையில் உதவி ஆசிரியனுக்கு அவ்வளவு இடம் நீயே தந்ததில்லை.

என் தங்கை மகன் வேலை பார்த்த அலுவலகம் போன வருடம் மூடப்பட்டது. அங்கிருந்த பொருள்களில் ஒரு ஸ்கேனரைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வைத்திருந்தான். மேலே கண்ணாடியும் உண்டு, அடுக்கி வைத்தால் தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் தட்டும் உண்டு. ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதோடு, ஸ்கேனரைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அடங்கிய குறுந்தகடு ஒன்றும் வந்தது. "டிரைவரை நிறுவும் முன் கேபிளைச் செருகாதீர்" என்று அதன் உறையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கேபிளைச் செருகிய பிறகுதான் அதைப் படித்தேன்.

படித்திருந்தாலும் பயனில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த டிரைவர் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது, 32 பிட். என் மடிக்கணினி 64 பிட், இரண்டுக்கும் ஒத்துப்போகாது. டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை அது வாசல்படி ஏறவே விடாது. நம் விடுதிக் காவலாளியின் நினைவு வந்தது. அவரிடமாவது ஒரு பீடிக்கு வழி இருந்தது.

இரண்டு நாள் போராடினேன். அந்தப் போராட்டத்தில் டுவைன் என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. ஸ்கேனருக்கும் கணினி நிரலுக்கும் இடையில் துபாஷி வேலை பார்க்கும் ஒழுங்குமுறை அது, 1992இல் வந்தது. பெயரின் கதை உனக்குப் பிடிக்கும். கிழக்கும் மேற்கும் சந்திப்பதே இல்லை என்று ஆங்கிலக் கவி கிப்ளிங் பாடினாரே, அந்த வரியில் 'இரண்டும்' என்ற பொருளில் வரும் சொல்லாம். ஸ்கேனரையும் கணினியையும் சந்திக்க வைப்பது அந்தக் காலத்தில் அவ்வளவு பாடாக இருந்திருக்கிறது. என் வீட்டில் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

கடைசியில் எதிர்வீட்டுப் பொறியியல் மாணவன் வந்தான். என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிறான், பொறுத்துக்கொள்கிறேன். பரணில் கிடந்த பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினான். அதில் சேன் என்ற டிரைவர் தொகுப்பு இருக்கிறது. உலகத்தில் கைவிடப்பட்ட ஸ்கேனர்களுக்கெல்லாம் அது அன்னசத்திரம் போல. நம் இயந்திரத்தின் பெயரும் பட்டியலில் இருந்தது. ஆனால் நிர்வாகி அதிகாரத்தோடு கேட்டால் ஸ்கேனர் இருக்கிறது என்கிறது, நான் சாதாரணமாகக் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்று கைவிரிக்கிறது. முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு இது புரியாதா? 'ஸ்கேனர்' என்ற பயனர் குழுவில் என் பெயரையும் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்ததும் வழிவிட்டது.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. இதழ்களின் தையலைப் பிரித்தேன். கை நடுங்கியது, மறைக்கவில்லை. நூல் உன் அம்மா கொடுத்தது. முதலில் 1981 பொங்கல் இதழ். அதில் பென்சில் எழுதியிருக்கிறான் என்பது மட்டும் நினைவில் இருந்தது. தாள்களை விசிறிவிட்டுத் தட்டில் அடுக்கிப் பொத்தானை அழுத்தினால், மூன்றாம் தாளிலேயே "இரண்டு தாள் சேர்ந்து வருகிறது" என்று நின்றுவிட்டது. ஒரே தாள்தான். நம் நண்பன் 'மொட்டை' வரைந்த காளைமாட்டை வெட்டி ஒட்டியிருந்தோமே, அதுதான் காரணம். தாளின் ஊடாகக் கேளா ஒலியை அனுப்பி, நடுவில் காற்று இடைவெளி இருக்கிறதா என்று அது பார்க்கிறது. ஒட்டிய படத்துக்கும் தாளுக்கும் இடையில் நாற்பது வருடத்தில் பசை காய்ந்து காற்றுப் புகுந்திருக்கிறது. அந்தத் தாளுக்கு மட்டும் சோதனையை நிறுத்தி வைத்து, கண்ணாடியில் கவிழ்த்து எடுத்தேன். மொட்டையின் மாடு அன்றும் பத்திரிகையைத் தாமதப்படுத்தியது, இன்றும்.

அடுத்தது தாளின் அளவு. டிரைவரில் முதலில் இருப்பது ஏ4, அதாவது 297 மில்லிமீட்டர் உயரம். நம்முடையது ஃபுல்ஸ்கேப், 13 அங்குலம், 330 மில்லிமீட்டர். ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டுப்பட்டுவிட்டது. உன் தொடர்கதையில் கடைசி வரிக்குக் கீழே 'தொடரும்' போய்விட்டது. பார்ப்பவர்கள் கதை முடிந்துவிட்டது என்றே நினைப்பார்கள். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எப்படியும் நீ முடிக்கவில்லை.

இன்னொரு வசதியையும் கண்டுபிடித்தேன், இதைக் கேட்டு நீ கோபப்படக் கூடாது. ஒரு நிறத்தைக் குறிப்பிட்டு, அது கண்ணில் படாத மாதிரி எடுக்கச் சொல்லலாம். விண்ணப்பப் படிவங்களில் சிவப்புக் கோடுகளை விட்டுவிட்டு, நிரப்பிய எழுத்தை மட்டும் எடுப்பதற்காக வைத்திருக்கிறார்கள். என் கட்டுரைக்குச் 'சிவப்பை விடு' என்று கொடுத்தேன். நீ சிவப்பு மையால் போட்ட அடித்தல், திருத்தல், ஓரத்தில் எழுதிய "உளறல்" எல்லாம் ஒரு நொடியில் மறைந்தன. சுத்தமான பக்கம். இத்தனை வருடம் கழித்து என் கட்டுரையை நான் எழுதியபடியே படித்தேன். நீ அடித்தது சரிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று இரவே பொங்கல் இதழை ஒரே கோப்பாக்கிப் பென்சிலின் மகளுக்கு அனுப்பினேன். மணி பதினொன்று, சரிபார்க்கவில்லை. மறுநாள் காலை போன் வந்தது. எல்லாவற்றையும் படித்தேன் மாமா, அட்டை அழகாக இருக்கிறது, உங்கள் நண்பர் கதை சிரிப்பாக இருக்கிறது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்பா இதில் எழுதவில்லையா?" என்று கேட்டாள்.

எழுதியிருக்கிறான் அம்மா, நன்றாக நினைவிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினேன். பொருளடக்கத்தில் அவன் பெயர் இருக்கிறது, பக்கம் 41. கோப்பில் நாற்பதுக்கு அடுத்தது நாற்பத்திரண்டு. 32 தாள், 64 பக்கம் இருக்க வேண்டும். எண்ணினால் 59. நான்கு பக்கம் உண்மையிலேயே வெற்று, அட்டையின் உட்புறமும் விளம்பரத்துக்கென்று நீ ஒதுக்கி வைத்து விளம்பரம் வராத பக்கங்களும். ஐந்தாவது எங்கே?

எதிர்வீட்டுப் பையன்தான் கண்டுபிடித்தான். பின்பக்கங்கள் வெறுமையாக வந்து தொல்லை தரக் கூடாது என்று அவனே ஒரு வசதியை இயக்கி வைத்திருந்தான். ஒரு பக்கத்தில் கருமை இத்தனை சதவீதத்துக்குக் குறைந்தால், அதை வெற்றுத் தாள் என்று டிரைவர் தள்ளிவிடும். அவன் 2 என்று வைத்திருந்தான். கணக்குப் பார்த்தேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் நம் தாளில் ஏறத்தாழ ஒரு கோடிப் புள்ளி. அதில் 2 சதவீதம் இரண்டு லட்சம். எட்டே வரி, அதுவும் பென்சிலில், அதுவும் அவனுடைய அழுத்தாத கையில். அத்தனை புள்ளிக்கு அவன் எங்கே போவான்? போதாததற்கு நான் தேர்ந்தது கறுப்பு வெள்ளை முறை. அதில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை, இடையில் ஒன்றும் கிடையாது. மங்கிப்போன சாம்பல் கோடெல்லாம் வெள்ளைக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆசிரியரே, அந்தக் கூட்டம் நினைவிருக்கிறதா? கேன்டீன் பின்புறம், வேப்பமரத்தடி. அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதில் ஒன்றுமே இல்லையே" என்றாய். பூனை சிரித்துச் சிரித்துப் புரையேறினான். பென்சிலும் சிரித்தான். 41ஆம் பக்கம் காலியாக இருக்கிறதே என்றுதான் சேர்த்தோம். இயந்திரமும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருக்கிறது. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நானும் சிரித்தேன்.

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படம் மங்கலாக வந்தால் தெரியும், கோணலாக வந்தால் தெரியும். இல்லாத பக்கம் எப்படிக் கண்ணில் படும்? அவள் ஒருத்தி தேடியதால் தெரிந்தது. மற்ற பக்கங்களை அதற்குப் பிறகு விரல் வைத்து எண்ணினேன்.

நீயும் ஊர் நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதனால் இதையும் கேள். 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தார். மூன்று அறைகளின் பரப்பு மூன்று விதமாக இருந்தது: 14.13, 21.11, 17.42. நகலில் மூன்றும் 14.13. நாம் நகலுக்கே பெயராக வைத்திருக்கும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரம்தான். கோப்பைச் சுருக்குவதற்காக, ஒரே மாதிரித் தெரியும் எழுத்துத் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டியிருக்கிறது. ஜேபிக் 2 என்பது அந்தச் சுருக்குமுறை. எண் கலங்கியிருந்தால் சந்தேகம் வரும். இது பளிச்சென்று, தெளிவாக, தப்பாக இருந்தது. நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. உன் பத்திரத்தில் சர்வே எண்ணில் 6 ஒன்று 8 ஆனால் என்ன ஆகும் என்று உன் தம்பியைக் கேட்டுப் பார். சாம்பல் முறையில் எடு, சுருக்கத்தைக் குறை, தாள் அளவைப் பார், வெற்றுப் பக்கத்தைத் தள்ளும் வசதியை அணைத்துவிடு. வெற்றுப் பக்கம் எது என்று நீயே பார்த்துக்கொள். அசலை மட்டும் பரணில் போட்டுவிடாதே.

41ஆம் பக்கத்தைத் தட்டில் விடவில்லை. கண்ணாடியில் கிடத்தி, சாம்பல் முறை, 600 புள்ளி. 256 படி சாம்பல் இருக்கிறது அதில், பென்சிலுக்கு அது வேண்டும். கருமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். முதலில் தாளின் நார் தெரிந்தது. பிறகு யாரோ வைத்த டீக்கோப்பையின் வட்டம். பிறகு எட்டு வரியும் எழுந்து வந்தன. படித்தேன். கிணற்றடியைப் பற்றியது. நாம் அன்று சிரித்திருக்க வேண்டாம். இதற்கு மேல் இங்கே எழுத முடியவில்லை, தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே படி.

அவளுக்கும் அனுப்பிவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இருக்கிறது மாமா." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எட்டாவது வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்திருக்கிறது. அழித்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் கருமையைக் கூட்டும்போது தடம் தெரிகிறது. முதல் வரி 'ஆனாலும்' என்று தொடங்குகிறது. மற்றது பிடிபடவில்லை. எதிர்வீட்டுப் பையனும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டான். அந்த நாளில் ரப்பர் உன் சட்டைப் பையில்தான் இருக்கும். வரி நீளம், பக்கம் போதாது என்று எல்லாரையும் அழிக்கச் சொல்வதும் நீதான். அழிக்கும் முன் படித்திருப்பாய்.

அவள் அதையும் பார்த்துவிட்டாள், என்ன வரி என்று கேட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வருகிறாள். உனக்கு ஏதாவது நினைவிருந்தால் உடனே எழுது. ஒரு சொல்லானாலும் போதும். இல்லையென்றால் இல்லை என்றாவது எழுது.

உன்,
உதவி ஆசிரியன்

பி.கு.: பூனைக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.