கானா பாடகரின் வரலாறு சினிமாவில் தொடங்குவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் வெளிவந்த கானா பாடகர்கள் பற்றிய கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். வடசென்னைப் பாடகர்களுக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை தொடங்கும் இடம் எனக்கு உடன்பாடில்லை. கானா உலகநாதன் என்றால் 2006இல் வந்த ‘சித்திரம் பேசுதடி’, கானா பாலா என்றால் 2012இல் வந்த ‘அட்டகத்தி’ என்று கட்டுரையாளர் கணக்கைத் திறக்கிறார். தமிழ்நாடு முழுவதும் அவர்கள் பெயர் பரவியது அந்தப் படங்களால்தான், மறுக்கவில்லை. எனினும் புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் உள்ளவர்களுக்கு, ஒரு கானா பாடகர் திரைக்குப் போவதென்பது பல ஆண்டுகள் பாட்டுக் கட்டிப் பெயர் வாங்கிய பிறகு நடப்பது. அந்த முன்கதைதான் கட்டுரையில் இல்லை.

சாவு வீட்டுப் பந்தலில் விடிய விடியப் பாடுகிறவர், மெட்டைப் பழைய கானாவிலிருந்தோ சினிமாப் பாட்டிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். வரிகளை மட்டும் அந்த வீட்டுக்கென்றே கட்டியாக வேண்டும். இறந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினாரா, வலை பின்னினாரா, எந்தத் தெருவில் பெண் எடுத்தார், எந்த மகன் கடைசிவரை பார்த்துக்கொண்டான் என்பதெல்லாம் டோலக் அடிக்குள் வந்து உட்கார வேண்டும். பாடுகிறவரே கட்டுகிறவராகவும் இருப்பதால், சினிமாவில் பாடலாசிரியர், பாடகர் என்று பிரிக்கும் கணக்கு இங்கே செல்லாது. அப்படிக் கட்டிய பாட்டை மைக்செட்காரரின் டேப்ரெக்கார்டரில் பதிவு செய்து, அந்தக் குடும்பம் பீரோவில் வைத்துக்கொண்டது. கடைகளில் விற்ற கேசட்டுகள் வேறு. இவை இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு கானா பாடகரின் இசைத்தொகை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டிலுள்ள அப்படிப்பட்ட கேசட் ஒன்றை அண்மையில் கேட்டேன். மேலே ஒட்டியிருந்த சீட்டில் இறந்தவர் பெயர் மட்டுமே இருந்தது. பாடியவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஆனால் பாட்டு முடிகிற சரணத்தில் பாடகர் தம் பெயரையும் பேட்டையையும் குருவின் பெயரையும் சேர்த்தே பாடியிருந்தார். இடையிடையே மைக்கில் யார் யார் மாலை கொண்டுவந்தார்கள் என்று அறிவிக்கிறார்கள். கட்சிப் பிரமுகர்களின் அப்போதைய பதவிகளும் அதில் வருவதால், ஆண்டை ஓரளவு நெருங்கிவிட முடிந்தது. இரைச்சல் என்று இவற்றை யாராவது வெட்டிவிட்டால், பாட்டோடு அதன் சான்றும் போய்விடும்.

பாட்டின் உரிமை முழுவதும் கேசட் தயாரித்தவருக்கே என்பதுபோல எழுதிய பத்தியிலும் கட்டுரை சற்று அவசரப்பட்டிருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளரையே ஆசிரியராகக் கொள்கிறது. ஆனால் வரிகளின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கட்டியவருக்கு அவர் வாழ்நாளிலும், அதற்குப் பின் 60 ஆண்டுகள் அவர் வாரிசுகளுக்கும் உண்டு. திரைப்பாடல் எழுதியவருக்கு உரிமத்தொகையில் (ராயல்டி) பங்கு தரும் திருத்தம் 2012இல்தான் வந்தது. ஆனால் இன்ன வரி இன்னார் கட்டியது என்று காட்டச் சான்று வேண்டுமே! குருவின் வரியைச் சீடர் எடுத்துப் பாடுவது கானாவில் மரியாதை. அதே வரி பெயரில்லாமல் வேறு கைக்குப் போனால், அதைத் தட்டிக்கேட்க அந்தப் பழைய கேசட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நியூயார்க்கில் மோசஸ் ஆஷ் 1948இல் தொடங்கிய ஃபோக்வேஸ் நிறுவனம், பீட் சீகர், உடி கத்ரி போன்ற நாட்டுப்புறப் பாடகர்களின் பதிவுகளை வெளியிட்டது. 1987இல் அது அமெரிக்காவின் அருங்காட்சியக, ஆய்வு நிறுவனமான ஸ்மித்சோனியன் வசம் போனபோது விதிக்கப்பட்ட நிபந்தனை, விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு பதிவுகூடக் கிடைக்காமல் போகக் கூடாது என்பதே. அந்தப் பாடகர்களின் வாழ்க்கையை எழுத வருகிறவருக்கு அது பெரிய துணை. இங்கே தரமணியில், பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய அச்சுக்குச் செய்ததைக் கேசட்டுக்கும் செய்யக்கூடியவர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் கானா பாடகி இசைவாணி இடம்பெற்ற பிறகும் இந்த வேலை தொடங்கவில்லையென்றால் எப்போது தொடங்கும் என்று தெரியவில்லை.

கடற்காற்று அடிக்கும் எங்கள் பகுதி வீடுகளில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுப்பட்டை உதிர்ந்துவிடுகிறது. பூஞ்சை பிடித்ததை அப்படியே ஓடவிட்டால் நாடாவும் கெடும், டேப்ரெக்கார்டரின் ஹெட்டும் கெடும். அறுபது நிமிட கேசட்டைத் தரம் கெடாமல் நகலெடுக்கப் பொதுவாக அறுபது நிமிடம் ஆகத்தான் செய்யும். ஆகவே, தங்கள் அடுத்த இதழில், வீட்டில் கானா கேசட் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போடாமல் தங்களுக்குத் தெரிவிக்கும்படி ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுகிறேன். பாடியவர், கட்டியவர், டோலக் வாசித்தவர், யாருக்காகப் பாடியது, எந்தத் தெரு ஆகிய விவரங்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லலாம். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டு வாங்கும் பொறுப்பை நானே ஏற்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.