குதிரை ராட்டினத்தில் பெரியவர்களையும் ஏற்றுங்கள்: கேளிக்கைப் பூங்கா நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கேளிக்கைப் பூங்காக்களை நடத்திவரும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

கடந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை, உங்களுள் ஒருவரது பூங்காவுக்கு நானும் என் பள்ளித் தோழிகள் இருவரும் வந்திருந்தோம். அது எந்தப் பூங்கா என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமன்று. அந்த வழக்கம் ஒரு பூங்காவோடு நிற்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் மூவருக்கும் அறுபது வயது ஆகிறது. மூவரும் பெரியவர்களுக்கான முழுக் கட்டணத்தைச் செலுத்தி, மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தோம்.

நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னால்தான் என் வருத்தம் உங்களுக்குப் புரியும். தோழிகளுள் ஒருத்தி, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 34 ஆண்டுகள் தொடக்க வகுப்பு ஆசிரியையாக இருந்து, இந்த மே மாதம் பணி ஓய்வு பெற்றவள். பள்ளிச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் உங்கள் பூங்காக்களில் ஒன்றுக்குத்தான் பிள்ளைகளை அழைத்து வருவாள். பேருந்திலிருந்து இறக்கி, இரண்டிரண்டு பேராகக் கைகோக்க வைத்து, ஒவ்வொரு சவாரி முடிந்ததும் தலையெண்ணி, வாந்தி எடுத்த பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டு, தொலைந்துபோன ஒற்றைச் செருப்பைத் தேடி, மாலையில் மறுபடியும் தலையெண்ணிப் பேருந்தில் ஏற்றுவது அவள் வேலை. அப்படி எத்தனை முறை வந்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. ஒரு முறைகூட எதிலும் அவள் ஏறியதில்லை. ஓய்வு பெற்ற மகிழ்ச்சிக்கு எங்கே போகலாம் என்று நாங்கள் கேட்டபோது காசியையோ ராமேசுவரத்தையோ சொல்வாள் என்று நினைத்தோம். "குதிரை ராட்டினத்துல ஒரு தடவை உட்காரணும்டி" என்றாள்.

அன்று கூட்டம் அதிகமில்லை. குதிரை ராட்டினத்தின் முன் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். முழங்கால் வலியோடு அவள் படியேறி, வெளிவரிசையில் கழுத்தில் சிவப்பு மணிமாலை வரைந்திருந்த ஒரு வெள்ளைக் குதிரையைத் தேர்ந்தெடுத்து, புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, பித்தளைக் கம்பியைப் பிடித்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்தும் விட்டாள். நான் கீழே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ராட்டினத்தை இயக்கும் இளைஞர் வந்தார். "ஆன்ட்டி, இறங்குங்க. இது குழந்தைங்களுக்கு. கூட குழந்தை இருந்தாதான் பெரியவங்க ஏறலாம்" என்றார். அவர் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை. தமக்குச் சொல்லியிருந்ததைச் சொன்னார். ஆனால் அவள் இறங்கும்வரை ராட்டினம் ஓடாது என்பதால், ஏறியிருந்த குழந்தைகளும் வரிசையில் நின்றவர்களும் அவளையே பார்த்தார்கள். முழங்கால் மடங்காமல் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் குதிரையின் காதையும் பற்றிக்கொண்டு அவள் இறங்க எடுத்துக்கொண்ட அந்த நேரம் எனக்கு மிகவும் நீளமாக இருந்தது. இரண்டு குதிரைகள் தள்ளி, நல்ல வாட்டசாட்டமான ஒரு தந்தை, தம் மகளைத் தாங்கிப் பிடித்தபடி அதே மேடையில் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

வரிசையில் நின்ற ஓர் இளம் தாய் இதைப் பார்த்துவிட்டு, "என் பையனை வச்சுக்கிட்டு ஏறிக்குங்க ஆன்ட்டி" என்று தம் மகனை முன்னே நகர்த்தினார். மேற்பார்வையாளரும் அதற்குள் வந்து சேர்ந்து, அப்படியென்றால் ஆட்சேபம் இல்லை என்றார். என் தோழி அந்தப் பையனின் தலையைத் தடவி, "வேணாம்மா. நான் நிறைய பிள்ளைங்களோட இங்க வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

நிர்வாகத்தினரே, இயந்திரத்தின் தாங்குதிறனையும் பாதுகாப்பையும் நான் குறைத்து மதிப்பவளல்லள். சிறு பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்ட சவாரிகள் உண்டு. அவற்றின் இருக்கையும் சங்கிலியும் பெரியவர்களின் எடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அங்கே உயர வரம்பைப் பலகையில் எழுதி நீங்கள் தடுப்பது சரி, அவற்றில் ஏற எங்களுக்கு விருப்பமும் இல்லை. ஆனால் கடன் வாங்கிய ஒரு குழந்தை பக்கத்தில் இருந்தால் என் தோழியைத் தாங்கக்கூடிய ராட்டினம், அந்தக் குழந்தை இல்லாவிட்டால் தாங்காதா? குழந்தையோடு ஏறினால் எடை கூடத்தானே செய்யும்? ஆகவே அன்று அவளை இறக்கியது பாதுகாப்பு விதியன்று. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராத பெரியவருக்கு இங்கே என்ன வேலை என்ற எண்ணம்தான் அவளை இறக்கியது.

"பெரியவங்களுக்கு அந்தப் பக்கம் நிறைய ரைடு இருக்கே, மேடம்" என்றார் மேற்பார்வையாளர். அந்தப் பக்கமும் போனோம். தலைகீழாகப் புரட்டுவதும், உயரத்திலிருந்து சரேலென்று இறக்குவதுமான சவாரிகள் அவை. ஒவ்வொன்றின் வாசலிலும், இதய நோய், இரத்த அழுத்தம், தலைசுற்றல், கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது மிகச் சரியான எச்சரிக்கை. எங்களில் ஒருத்திக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், எனக்குத் தலைசுற்றல், மூன்றாமவளின் முழங்காலைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வேகமான சவாரியில் ஏறாதீர்கள் என்று உங்கள் பலகை தடுக்கிறது, மெதுவான சவாரியில் ஏறாதீர்கள் என்று உங்கள் ஊழியர் தடுக்கிறார். முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு எங்களை உள்ளே விட்டது எதற்காக?

பொம்மை ரயிலிலும் இதே பதில்தான். அதன்பின் ஒரு வேப்பமரத்தடித் திண்டில் உட்கார்ந்தோம். இரும்பு இருக்கைகள் வெயிலில் காய்ந்து கிடந்ததால் நிழல் இருந்த இடம் அது ஒன்றுதான். சற்று நேரத்தில் ஒரு குடும்பத்தினர் வந்து, "ஆன்ட்டி, இங்கதானே இருப்பீங்க, பையைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?" என்றார்கள். பிறகு இன்னொரு குடும்பம். மாலை நான்கு மணிக்கு மூன்று குடும்பங்களின் பைகளும், ஒரு பால் புட்டியும், ஈரத் துண்டுகளும் எங்களைச் சுற்றி இருந்தன. கேட்டவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் தலைமுறைப் பெண்கள் பலர், பிள்ளைகள் வளர்ந்த காலம் முழுவதும் பூங்காக்களில் அப்படி மரத்தடியில் பை காத்தவர்கள்தாம். இந்த ஒரு நாளாவது அதிலிருந்து விலகி இருக்கலாம் என்றுதான் பணம் கட்டி வந்தோம்.

1955ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்த வால்ட் டிஸ்னி, அந்த எண்ணம் தமக்கு எங்கே பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கிரிஃபித் பூங்காவின் குதிரை ராட்டினத்தில் தம் இரு மகள்களும் சுற்றிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதாம். இன்று உலகெங்கும் பூங்கா நடத்துபவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் டிஸ்னிலேண்ட், பை காக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் மனக்குறையிலிருந்து பிறந்ததுதான்.

2023இல் என் மகளைப் பார்க்க ஃப்ளோரிடா போயிருந்தபோது, ஆர்லாண்டோ அருகில் இருக்கும், டிஸ்னி நிறுவனத்தின் எப்காட் பூங்காவுக்கு அவள் என்னை அழைத்துச் சென்றாள். 1982இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் ஓர் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் பெயரில் கட்டடங்கள் இருக்கின்றன. மெக்சிகோவுக்கான கட்டடம் ஒரு பிரமிடு. உள்ளே நுழைந்தால் எந்நேரமும் அந்தி சாய்ந்த நேரம்போல மங்கிய வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு சிறு சந்தை. அதன் ஓரத்தில் தண்ணீர். அந்தத் தண்ணீரில் மெல்லப் போகும் படகில் ஏழெட்டு நிமிடம் சுற்றி வரலாம். எனக்கு முன் இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதியர், வேறு யாரும் துணையில்லாமல், கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கே உன் குழந்தை என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. படகிலிருந்து இறங்கினால் சில அடி தூரத்தில் ஒரு சிறிய பார். என் மகள் எனக்கு மார்கரிட்டா என்னும் மது கலந்த பானம் ஒன்று வாங்கித் தந்தாள். கண்ணாடிக் குவளையின் விளிம்பில் உப்புத் தடவியிருந்தது; எலுமிச்சையின் புளிப்பும் அந்த உப்புமாக, அதைக் குடித்து முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதை இங்கே எழுத எனக்குக் கூச்சம் இல்லை. பிறகு பசுமைக்குடில்களின் ஊடே செல்லும் இன்னொரு படகிலும் போனோம். அங்கே விளையும் காய்கறிகள் அந்தப் பூங்காவின் உணவகங்களிலேயே சமைக்கப்படுகின்றன. அன்று முழுவதும் என் தலை ஒரு முறைகூடச் சுற்றவில்லை.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. கோபன்ஹேகனில் 1843இல் திறந்த டிவோலி தோட்டத்தில் ராட்டினங்களுக்கு நடுவே உணவகங்களும் பார்களும் இருக்கின்றன. வியன்னாவில் 1897 முதல் நிற்கும் பெரிய ராட்டினத்தில் ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்து, மெல்லச் சுற்றியபடி இரவு உணவு உண்ணலாம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் தீவுத்திடல் பொருட்காட்சியில், ஒரு கையில் டெல்லி அப்பளத்தோடு ராட்டின வரிசையில் நிற்கும் பாட்டியை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஊர்த் திருவிழாக்களில் குடை ராட்டினம் சுற்றுகிறவர், ஏறுகிறவரின் வயதைப் பார்ப்பதில்லை.

மதுக்கூடம் திறக்கச் சொல்லி இந்த மடலை நான் எழுதவில்லை. நம் மாநிலத்தில் அதற்கென உள்ள சட்டதிட்டங்கள் வேறு. உங்கள் பூங்காக்களிலிருந்து வீடு திரும்பும் நெடுஞ்சாலைகளில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் என்ன நேர்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது, பெரியவர்கள் நிதானமாக உட்கார்ந்து ஏதேனும் அருந்த ஓர் இடம். நன்னாரி சர்பத்தும், பன்னீர் சோடாவும், மதுரை ஜிகர்தண்டாவும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைத் தாள் கப்பில் ஊற்றி, நின்றபடியே குடித்துவிட்டு நகரச் சொல்லாமல், கண்ணாடிக் குவளையில் ஊற்றி, முதுகு சாயும் நாற்காலியோடும் மின்விசிறியோடும் நிழலில் கொடுத்தால், அதற்கு உரிய விலையைக் கொடுக்க எங்களைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

சற்றுப் பொதுவாகவும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அறுபது வயதான பெண் எங்கே போக விரும்புவாள் என்று கேட்டால் இந்த ஊருக்குக் கோயிலைத் தவிர வேறு விடை தெரியவில்லை. சுற்றுலா நடத்துபவர்கள் ஆடி மாதத்துக்கு அம்மன் கோயில்கள், புரட்டாசிக்குப் பெருமாள் கோயில்கள் என்று துண்டறிக்கை தருகிறார்கள். கோயிலுக்கு நாங்கள் போகத்தான் செய்கிறோம், பக்தியோடு போகிறோம். ஆனால் விளையாட்டாக, காரணம் எதுவும் இல்லாமல், ஒரு பிற்பகலைச் சிரித்துக் கழிக்க எங்களுக்கும் ஆசை உண்டு என்பதை வீட்டிலும் யாரும் நினைப்பதில்லை, வெளியிலும் நினைப்பதில்லை. என் தோழி குதிரை ராட்டினம் என்று சொன்னபோது அவள் மருமகளே, "இந்த வயசுலயா அத்தை?" என்று கேட்டாளாம். வீட்டில் கேட்ட அதே கேள்வியைத்தான் உங்கள் ஊழியரும் மேடையில் வைத்துக் கேட்டார். கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், பொறுத்தருள வேண்டும். என் கோரிக்கைக்குத் திரும்புகிறேன்.

பெரியவர்களின் எடையைத் தாங்கும் குதிரை ராட்டினம், பொம்மை ரயில், படகு ஆகிய மெதுவான சவாரிகளில், துணைக்குக் குழந்தை இருக்கிறதா என்று பார்க்காமல், பெரியவர்களையும் ஏற்றுங்கள். எந்தச் சவாரியில் எவ்வளவு எடை வரை ஏறலாம் என்பதை அதன் வாசலிலும், நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலும் தமிழில் எழுதி வையுங்கள். எங்களை ஏற்ற மனமில்லை என்றால், அதையும் பணம் வாங்கும் முன்பே அதே பலகையில் எழுதிவிடுங்கள். படியேறி உட்கார்ந்த பிறகு நாலு பேர் பார்க்க இறக்காதீர்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும், தை மாதத்தில் வேலை நாள் ஒன்றில் மறுபடியும் வரலாம் என்றிருக்கிறோம். என் தோழியோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலரும் எங்களோடு வர விரும்புகிறார்கள். எங்களுடன் குழந்தைகள் யாரும் வரமாட்டார்கள். அதற்கு முன் உங்கள் விதியை மாற்றி, ராட்டினத்தை இயக்கும் அந்த இளைஞருக்கும் அதைச் சொல்லி வைக்குமாறு உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெளிவரிசையில் சிவப்பு மணிமாலை போட்ட வெள்ளைக் குதிரையில்தான் உட்காருவேன் என்று அவள் இப்போதே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
அன்று கீழே நின்று புகைப்படம் எடுத்தவள்,
மேற்கு மாம்பலம், சென்னை