இடிபாடுகளுக்கு நடுவே ஒரு பதிவு: நண்பனுக்குக் கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இங்கே அமெரிக்காவின் அலபாமாவில் ஏப்ரல் பிறந்துவிட்டாலே எல்லோருக்கும் வானத்தின் மீதுதான் கண். 2011 ஏப்ரல் 27 அன்று இம்மாநிலத்தைச் சூறையாடிய டொர்னாடோக்களின், அதாவது மேகத்திலிருந்து தரை வரை நீளும் சுழற்காற்றுகளின், சேதத்தை எவ்வாறு பதிவு செய்தார்கள் என்று உன் பொறியியல் மாணவர்களுக்காகக் கேட்டிருந்தாய்.

டொர்னாடோவின் காற்று வேகத்தைப் பெரும்பாலும் எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. அது கடந்து போன பிறகு, தேசிய வானிலைச் சேவையின் குழுவினர் இடிபாடுகளுக்கிடையே நடந்து, எந்தக் கட்டடம் எந்த அளவுக்குச் சிதைந்தது என்பதை வைத்தே வேகத்தை மதிப்பிடுகிறார்கள். 2007 முதல் நடைமுறையில் உள்ள அளவுகோலில், சேதத்தைப் பார்த்து மதிப்பிட வீடு, பள்ளி, மரம் என 28 வகைகள் உள்ளன. 2011 ஏப்ரல் 27 என்ற அந்த ஒரே நாளில் நான்கு டொர்னாடோக்கள் உச்சமான ஐந்தாம் நிலையை எட்டின.

வீடு முழுவதும் பறந்துபோய் கான்கிரீட் தளம் மட்டும் எஞ்சியிருந்தால், ஐந்தாம் நிலை என்றே எவருக்கும் எழுதத் தோன்றும். விவரமறிந்தவரோ குனிந்து தளத்தின் விளிம்பைப் பார்ப்பார். சுவரின் அடிச்சட்டத்தைத் தளத்தோடு பிணைத்த போல்ட்டுகள் இருக்கின்றனவா, அவற்றில் வாஷரும் நட்டும் முடுக்கப்பட்டிருந்தனவா, அல்லது வெறும் ஆணியடித்து நிறுத்திய சுவரா என்று தேடுவார். ஆணிதான் என்றால், ஐந்தாம் நிலையைவிட வெகுவாகக் குறைந்த காற்றே அவ்வீட்டைப் பெயர்த்திருக்கக்கூடும். புல்டோசர் வந்து தளத்தை வழித்துவிட்டால் இந்தச் சாட்சியம் அழிந்துவிடும். வீடிழந்தவர்களைக் காத்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆகவே முதல் சில நாட்களில் எடுக்கும் படங்களையும் குறிப்புகளையும்தான் நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன்.

இத்துறைக்கு வழிகாட்டியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட் ஃபுஜிட்டா. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் வீசிய 148 டொர்னாடோக்களின் தடங்களை, விமானங்களிலிருந்து எடுத்த படங்களின் துணையோடு, அவரும் அவருடைய குழுவினரும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தார்கள். சில இடங்களில் மரங்கள் சுழலாக விழாமல், ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் விரிந்து சாய்ந்திருந்ததையும் அவர் கவனித்தார். மேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்து தரையில் சிதறும் காற்று விமானங்களையும் வீழ்த்தக்கூடும் என்பதைப் பின்னர் அவர் நிறுவ அந்தக் கவனிப்பு உதவியது.

2011இல் பொதுமக்களும் ஒரு பதிவை உருவாக்கினார்கள். காற்றில் பறந்துவந்து தங்கள் முற்றங்களில் விழுந்த குடும்பப் புகைப்படங்களையும் ஆவணங்களையும், உரியவரிடம் சேர்ப்பதற்காக ஃபேஸ்புக்கில் வெளியிட்டார்கள். அவற்றில் 900க்கும் மேற்பட்டவை புறப்பட்ட இடத்தையும் விழுந்த இடத்தையும் ஒப்பிட்டு, ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றின் பாதைகளைக் கணித்தார்கள். ஃபில் கேம்ப்பெல் என்ற சிற்றூரின் புகைப்படம் ஒன்று ஏறத்தாழ 350 கிலோமீட்டர் கடந்து டென்னசியில் விழுந்திருந்தது.

தளங்களின் விளிம்பை அருகிலிருந்து காட்டும் படங்கள் சிலவற்றைத் தனியே அனுப்புகிறேன். நிலை எதுவென்று சொல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதும் மதிப்பீடுகளை எனக்கும் அனுப்பி வை.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்