மலருக்கு, காஜாமலையிலிருந்து

அன்புள்ள மலர்,

பாப்பா உட்கார ஆரம்பித்துவிட்டாளா? அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? அண்ணனைக் கேட்டதாகச் சொல். இங்கே நான் நலம். உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் ஸ்பெஷலைசேஷன் எழுதிக் கொடுக்க வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு, "எச்.ஆர். (மனிதவளம்) எடு, வேலை நிச்சயம்." அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்ததிலிருந்து இந்தப் படிப்புக்குச் சோறு போட்டது அந்த வாசல்தான். சீனியர்கள் பலர் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று போய்விட்டார்கள். நான் மருத்துவச் சமூகப்பணி எடுக்கப் போகிறேன் என்றதும், "ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன வேலை, நீ டாக்டரா நர்ஸா?" என்று கேட்டார். பதில் சொல்கிறேன், நீயே கேள்.

வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. இந்த முறை எனக்கு ஓர் அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பிரிவு. அங்கே ஒருவர், சென்டரிங் வேலை பார்ப்பவர். ஆறு மாத மாத்திரையை இரண்டாம் மாதத்தோடு நிறுத்திவிட்டு, இருமல் முற்றித் திரும்ப வந்திருக்கிறார். வந்தவர் போனவர் எல்லாரும் அவரைத் திட்டினார்கள். நான் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்துத்தான் பேசினார். காலை ஆறு மணிக்கு மேஸ்திரியின் வண்டி வந்துவிடும். மாத்திரை கொடுக்கிற இடம் திறக்கும்வரை காத்திருந்தால் அன்றைய கூலி போச்சு. மாதம் 1,000 ரூபாய் சத்துணவுப் பணமும் அவருக்கு வந்ததில்லை, பாஸ்புக்கில் ஏதோ சிக்கல். இதெல்லாம் கேஸ் ஷீட்டில் எங்கே இருக்கிறது? "மருந்தை நிறுத்தியவர்" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

மாத்திரையை மொத்தமாக வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தாயிற்று. வங்கிக்கும் கூடப் போய்வந்தேன். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு.

மனைவிக்கு இன்னும் தெரியாது. "நெஞ்சுல சளின்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க சொல்லிராதீங்க தங்கச்சி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே அறை வீடு, வாடகை. விஷயம் தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார் என்ற பயம். அதே அறையில் மூன்று வயதுக் குழந்தை படுக்கிறது.

மலர், உதவி தேடி வருபவரிடம் சமூகப்பணியாளர் எப்படி நடக்க வேண்டும் என்று பீஸ்டெக் வகுத்த ஏழு கோட்பாடுகளையும் நான் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். நோயாளி சொன்ன ரகசியத்தைக் காப்பது, அவர் முடிவை அவரே எடுக்க விடுவது, எல்லாம் தெரியும். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அதைப் பரிசோதித்தாக வேண்டும், நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ தினமும் செய்கிற வேலை. அவர் கேட்டது சரி, குழந்தைக்கு வேண்டியதும் சரி. நான் யார் பக்கம் நிற்பது?

எங்கள் களப்பணி மேற்பார்வையாளரிடம் போனேன். "ரகசியத்துக்கும் எல்லை உண்டும்மா. ஆனால் நீ சொல்வதற்கு முன், அவரே சொல்ல வழி இருக்கிறதா பார்" என்றார். பார்த்தேன். இரண்டு முறை மறுத்தார். நேற்று குழந்தையின் பெயரை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அப்புறம், "நான் சொல்றேன், ஆனா நீங்க பக்கத்துல இருக்கணும்" என்றார். வெள்ளிக்கிழமை சாப்பாடு கொண்டுவரும்போது மனைவியை உட்காரவைத்துப் பேசப் போகிறோம்.

இதுதான் நான் உன்னிடம் கேட்க வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஹாஸ்டலில் யார் அழுதாலும் உன் கட்டிலுக்குத்தான் வருவார்கள், நானும் பூரணியும் வார்டன் வருகிறாரா என்று காவல் நிற்போம். இப்போது வீடு வீடாகப் போகிற நர்ஸம்மா நீ. அந்தப் பெண் முதலில் பயப்படுவாளா, கோபப்படுவாளா? வீட்டுக்காரர் பற்றிய பேச்சை அன்றே எடுக்கலாமா, அல்லது முதல் நாள் குழந்தையின் பரிசோதனையை மட்டும் பேசி நிறுத்தவா? அவர் தடுமாறினால் நான் குறுக்கே பேசலாமா?

புத்தகத்தில் இருப்பதை அனுப்பாதே, உன் அனுபவத்தை எழுது. சனிக்கிழமை கிராம முகாமுக்குப் பச்சைமலை போகிறோம். எனக்கு வியாழனுக்குள் பதில் வேண்டும். கையெழுத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பினாலும் சரி.

உன்
தேன்மொழி